என் மகன் அரைக்கரண்டி ஆன விவரம்

புவெப்லா
ஏப்ரல் 27

சங்கைக்குரிய குருவானவர் எவாரிஸ்தோ அவர்களின் சமூகத்துக்கு,

உன் அக்காள் எர்மெலிந்தா, குருவானவருக்குரிய வணக்கத்தோடும், உனக்குக் காலணிக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தவள் என்ற உரிமையோடும் எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் மட்டும் ஜெபமாலையின் நான்காம் பத்து மணியில் என்னைக் கைவிடுகிறது. ஐந்தாம் பத்தை அதைக் கேட்காமலே முடித்துவிடுகிறேன். உன் நலத்தைப் பற்றி உன் கடைசிக் கடிதம் பாதி சொன்னது, அதிலிருந்த மைக்கறைகள் மீதியைச் சொல்லின. கடிதத்தின் தலைப்பில் சிலுவை அடையாளம் இல்லை. குருவானவர்களுக்கு அதில் விலக்கு உண்டு என்று யார் சொன்னது? போதாக்குறைக்குத் தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாய். மதர் க்ளோத்தில்த் மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொன்னது அறுபது வருடத்தில் மாறிவிடவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுதுவாள், மறுபக்கம் மரியாதைக்கு. நீ அந்த மரியாதையின் மேல், உன் கோவிலின் வடக்குச் சுவர் ஆறாவது வருடமாகக் கசிவதைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருக்கிறாய். ஜெபிக்கிறேன். ஆனால் உன் சுவரைப் பற்றிப் பேச எனக்கு இன்று நேரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் அடுத்த பேருந்தில் நீ புறப்பட்டு வர வேண்டும். மே மூன்றாம் தேதி, திருச்சிலுவைத் திருநாளுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். வந்து, உன் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்த என் மகன் அன்செல்மோவைக் காதைப் பிடித்து இழுத்துப்போய் அவனுடைய அலுவலக நாற்காலியில் மறுபடி உட்கார வைக்க வேண்டும். காது சற்று உயரத்தில் இருக்கும். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது.

உன் அக்காள் மகன் கொத்து வேலைக்குப் போகிறான், எவாரிஸ்தோ. எழுதிவிட்டேன். இந்த வரியை எழுதுவதற்குள் பேனாவை இரண்டு முறை கீழே வைத்தேன்.

எல்லாம் அவன் கையில் ஆரம்பித்தது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று, வளைய ரொட்டியை வெட்டக் கத்தியை நீட்டினான். அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். நம் பேராலயத்தின் படிக்கட்டு போல இருந்தது. நகக்கண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கேட்டதற்கு, "ஆபீஸ்ல புதுத் தாள் வந்திருக்கும்மா. ரொம்ப முரடு" என்றான். நான் நம்பினேன். இருபத்துமூன்று வருடமாகக் காப்பீட்டு அலுவலகத்தில் தாளோடு வாழ்பவன், தாளைப் பற்றிச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? மதியத்துக்கு ஒரு ரொட்டி எடுத்துப்போனவன் இரண்டு கேட்டான். கொடுத்தேன். கோட்டு வயிற்றில் தளர்ந்து தோளில் இறுகியது. பதவி உயர்வு வந்தவர்களுக்கு உடம்பு அப்படித்தான் ஆகும் என்று தையற்காரரிடம் தோளைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தேன். சூப்பு குடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியோடு தூங்கினான். கணக்குமுடிக்கும் காலம், பாவம், என்று சமையற்காரி தொமாசாவிடம் சொல்லி எலும்பு சூப்பு வைக்கச் சொன்னேன். எலுமிச்சம்பழச் சாற்றில் கிளிசரின் கலந்து கையில் தேய்த்துவிட்டேன். பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புரியவில்லை. ஆகவே, நல்ல கையெழுத்துள்ள எந்தத் தாயும் செய்வதை நானும் செய்தேன். அலுவலக இயக்குநர் பெர்மூதெஸ் அவர்களுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். மரியாதைக் குறைவு இல்லாமல், ஆனால் தெளிவாக. பட்டம் பெற்ற ஒரு லிசென்சியாதோவின் கை தோலுரியும் அளவுக்கு முரடான தாளை வாங்கும் நிறுவனம் வாடிக்கையாளர்களின் வீடுகளை எப்படிக் காக்கும் என்று கேட்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என் தாளில் ஒரு துண்டும் வைத்தேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது, நான்கே வரியில். எங்கள் தாளின் தரத்தில் மாற்றம் ஏதும் இல்லை. லிசென்சியாதோ அன்செல்மோ ஒல்மேதோ சென்ற அக்டோபர் பதினைந்தாம் தேதி வேலையிலிருந்து விலகிவிட்டார். தாங்கள் அனுப்பிய மாதிரித் தாளுக்கு நன்றி. மறைந்த தங்கள் கணவருக்கு எங்கள் அஞ்சலி.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் எண்ணிப்பார். தினமும் ஏழு மணிக்கு அந்தப் பிள்ளை கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, தோல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு எங்கே போனான்?

மறுநாள் நானும் புறப்பட்டேன். கறுப்பு உடுப்பு, கையுறை, குடை. மூலையில் நின்ற வாடகைக் காரில் ஏறி, அந்தக் கோட்டுப் போட்டவரின் பின்னால் போ என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்டுக்காரரா அம்மா? இந்த வயசுலயுமா?" என்றான். என் மகன், வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றேன். அன்செல்மோ ஒரு முடிதிருத்தும் கடைக்குள் கோட்டோடு போனான். வெளியே வரும்போது கிழிந்த கால்சட்டையும் ஓலைத் தொப்பியும் போட்டிருந்தான். என் பிள்ளையை முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நடையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அலுவலகத்துக்குப் போகும்போது அவன் ஒருநாளும் அப்படிக் கையை வீசி நடந்ததில்லை.

ஐந்தாம் தெருவுக்கு அப்பால் பாதி எழும்பி நிற்கும் ஒரு வீடு. தலைநகரத்தில் இருக்கும் யாரோ ஒரு மனிதர் கட்டுவது. நான் உள்ளே நுழைந்ததும் மேஸ்திரி தொப்பியைக் கழற்றினார். நிக்கானோர் தெபாலே என்று பெயர், சோலூலாப் பக்கத்து ஆள், அறுபது வயது இருக்கும். "வாங்கம்மா. தலையப் பாத்து வாங்க, சாரம் தாழ இருக்கு" என்றார். என் மகனைப் பார்க்க வந்தேன் என்றேன். மேலே சாரத்தில் நின்ற ஒருவன் கீழே குனிந்து, "ஏ லிசென்சியாதோ, ஒங்கம்மா வந்திருக்காங்க. பள்ளிக்கூடம் விட்டாச்சு, பையத் தூக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொடுக்க உன் அத்தான் இரண்டு மனைகளை விற்றார், எவாரிஸ்தோ. அதை வைத்துச் சாந்துச் சட்டிக்கு நடுவில் சிரித்தார்கள்.

அன்செல்மோ சுவரோரமாக நின்றான். கையில் கொத்துக்கரண்டி. அந்தக் கரண்டியைத்தான் நான் பெயரெழுத்துப் பின்னித் தந்த துடைக்கும் துணியில் சுற்றித் தோல்பெட்டியில் கொண்டுபோயிருக்கிறான். காரில் வரும்போதே ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். உன் அத்தானின் பெயரில் ஆரம்பித்து, பத்துக் கட்டளை வழியாகப் போய், என்னுடைய சவ அடக்கத்தில் முடிகிற பேச்சு. வாயைத் திறந்தேன். அப்போது அவனுக்குப் பின்னாலிருந்த சுவர் கண்ணில் பட்டது.

உனக்குத் தெரியும், மதர் க்ளோத்தில்த் பீடத்துணி நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க ஒரு நூலில் மாதா சுரூபத்தைக் கட்டித் தொங்கவிடுவார். ஒரு மயிரிழை விலகினாலும் பின்னியதை முழுவதும் பிரிக்க வேண்டும். நான் நான்கு வருடம் பிரித்தவள். என் கண் கோணலைப் பொறுக்காது.

"இந்தச் சுவர் கோணலா இருக்கு" என்றேன்.

"வெயில் விழுறதால அப்பிடித் தெரியுதும்மா" என்றார் மேஸ்திரி.

"வெயில் மேல பழி போடாதீங்க. குண்டப் போட்டுப் பாருங்க."

தூக்குக்குண்டைப் போட்டார்கள். மேலே நூல் சுவரை ஒட்டி நின்றது, கீழே விலகித் தொங்கியது. மேஸ்திரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கழற்றிய தொப்பியை மறுபடி கழற்றப் பார்த்தார். இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், தப்பியிருக்கிறது என்றார். சாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. யார் கட்டியது என்று கேட்டேன். அன்செல்மோ வகுப்பறையில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினான்.

"நான்தாம்மா."

"இடி."

இடித்தான். ஏழு வரிசை. மறுபடி கட்டினான். நான் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, சுவர் தோள் உயரத்துக்கு எழும்பும் வரைக்கும் பார்த்தேன். வரிக்கு வரி குண்டு போடச் சொன்னேன். அன்றைய ஜெபமாலை தவறிப்போனது. நான் எவ்வளவு அவமானப்பட்டேன் என்பது உனக்குப் புரியட்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். புறப்படும்போது நிக்கானோர், "நாளைக்கும் வருவீங்களாம்மா?" என்று கேட்டார். அவர் மரியாதைக்குக் கேட்டாரா, பயந்து கேட்டாரா என்பதை என்னால் நிச்சயிக்க முடியவில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் போகிறேன்.

அன்று மாலை சூப்புக்கு முன்னால் காரணம் கேட்டேன். அந்த அலுவலகத்தில் அவனுடைய வேலை உனக்குத் தெரியும். யார் வீட்டிலாவது சுவர் விரிந்தால் போய்ப் பார்த்து, இது விபத்தால் வந்த விரிசல் அல்ல, வயதால் வந்தது, நிறுவனம் பொறுப்பல்ல என்று எழுதி முத்திரை வைப்பது. மதிப்பான வேலை. கை அழுக்காவதில்லை. அவன் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இருபத்துமூணு வருஷமா விரிசலப் பாத்துப் பாத்து, எங்க பொறுப்பு இல்லன்னு எழுதிட்டு வந்தேம்மா. போன செப்டம்பர்ல ஒரு கெழவி வீட்டுக்குப் போனேன். எழுதி முடிச்சேன். அந்தம்மா எனக்குக் காப்பி போட்டுக் குடுத்துச்சு. விரிசல் வழியா காத்து வந்து காப்பி ஆறிப்போச்சு. ஒரு விரிசலயாவது அடைச்சிட்டுச் சாகணும்னு தோணுச்சு." அடைப்பது உன் வேலை இல்லை என்றேன். அதைத்தான் இத்தனை வருடமாக எழுதினேன் என்றான். உன் அத்தானைப் போலவே பேசுகிறான், அதுதான் எனக்கு ஆகவில்லை.

ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கொத்து வேலையை விடும் வரைக்கும், அது சீக்கிரம் நடக்கும் என்று நான் நம்பியதால், தெருமுனை வரையிலாவது கோட்டோடு போகட்டும் என்றேன். சரி என்றான். புனித சூசையப்பருக்கு நவநாள் வைத்தேன். பழைய நாற்காலி அவனுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதே என் மன்றாட்டு. ஒன்பது நாளும் மெழுகுத்திரி நேராக எரிந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

ஆனால் ஊரில் கண் இருக்கிறதே. கோவில் பீடத்தை அலங்கரிக்கும் பீடச் சபைப் பெண்களில் ஒருத்தி அவனைச் சாரத்தின் மேல் பார்த்துவிட்டாள். என்னிடம் வந்து கேட்டபோது, நான் கூசாமல், அவன் பழங்காலச் சுவர்களை ஆராயும் பொறியாளராகப் பொறுப்பேற்றிருக்கிறான், மேலே ஏறிப் பார்ப்பதும் அதில் அடக்கம் என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன், நீ அதைப் பற்றி எழுத வேண்டாம். பத்தொன்பது வருடமாக நான் அந்தச் சபையின் தலைவி. பத்தொன்பது வருடமாக லெயோகாதியா உருத்தியா அந்த நாற்காலியின் காலை அறுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் உடனே, "அப்படின்னா ஒங்க எஞ்சினியர என் சாப்பாட்டறைச் சுவரப் பாக்கச் சொல்லுங்க, எர்மெலிந்தா. மாதா படத்துக்குப் பின்னால ஊறுது" என்றாள். என்ன செய்வது? அனுப்பினேன். கோட்டும் டையுமாக, பேசாமல் பார்த்துவிட்டு வந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பிள்ளை போய் விரல் முட்டியால் சுவரை மூன்று தட்டுத் தட்டினானாம், காதை வைத்துக் கேட்டானாம், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டானாம். உள்ளே குழாய் உடைந்திருக்கிறது என்று சொல்லி, தோட்டக்காரனிடம் உளி வாங்கிச் சுவரை உடைத்து, குழாயைச் சரிசெய்து, பூசி, மணியாஸ் பலகையால் மட்டமாகத் தேய்த்து, மாதா படத்தை மாட்டும்போது மாலை ஆகிவிட்டதாம். சுவர் கண்ணாடி போல இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். ஒரு நூல் தப்பவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வேலைக்கு நடுவில் லெயோகாதியா அவனுக்குச் சாப்பாடு கொடுத்தாள். எங்கே கொடுத்தாள் தெரியுமா? சமையலறையில். தொட்டிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே தின்னும்படி, தகரத் தட்டில் கறுப்பு அவரையும் நான்கு சோளரொட்டியும். பல்தசார் ஒல்மேதோவின் மகனுக்குத் தகரத் தட்டு. காலையில் கோட்டோடு வந்தபோது கூடத்தில் உட்காரவைத்துச் சாக்லேட் கொடுத்தவள், கையில் சாந்து பட்டதும் சமையலறைக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த சபைக் கூட்டத்தில் அதையும் எல்லோருக்கும் சொன்னாள்: "எஞ்சினியருக்கு நல்ல பசி."

வீட்டுக்கு வந்து தொமாசாவிடம் இதைச் சொல்லி என் நெஞ்சு ஆறும் வரைக்கும் பேசினேன். முப்பது வருடமாக என் அடுப்பங்கரையில் இருப்பவள், அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று. அவள் வாணலியிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம வீட்டுலயும் வேலைக்காரவங்களுக்கு அதே தட்டுதானம்மா. தொட்டிக்குப் பின்னால ஆறு கெடக்கு. நிக்கானோர் அண்ணன் கூட நம்ம முற்றம் போட வந்தப்ப அதுலதான் தின்னாரு" என்றாள். அவரையைக் கிண்டு, அடி பிடிக்கிறது என்றேன். பிடிக்கவில்லை. எனக்கு நிக்கானோரை முன்பே தெரியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தொடர்கிறேன்.

நேற்று அன்செல்மோவை உட்காரவைத்து, இனி ஒருநாளும் பொறுக்க மாட்டேன், பெர்மூதெஸிடம் போய் மன்னிப்புக் கேள் என்றேன். அவன் ஒரு செய்தி சொன்னான். சித்தாளாகச் சேர்ந்தவன் இந்த மாதம் அரைக்கரண்டி ஆகிவிட்டான். சித்தாளுக்கு மேலே, கொத்தனாருக்குக் கீழே. என் வயிற்றில் பிறந்தவன், லத்தீன் படித்தவன், அரைக்கரண்டி. இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் பார்க்கவில்லை. நிக்கானோரின் குழுவில் ஒரு வழக்கம் உண்டாம். அந்த வருடம் யார் அரைக்கரண்டி ஆகிறானோ அவன்தான் திருச்சிலுவைத் திருநாளில் கட்டடத்துச் சிலுவையைத் தோளில் சுமந்து கோவிலுக்கு மந்திரிக்கக் கொண்டுபோக வேண்டும். ஊர்க் கொத்தனார்கள் எல்லோரும் வாணம் விட்டுக்கொண்டு வருவார்கள். கோவில் வாசலில் நின்று ஒவ்வொரு சிலுவைக்கும் தன் கையால் நாடா கட்டுகிறவள் யார்? பீடச் சபைத் தலைவி. பத்தொன்பது வருடமாக நான்.

"நீங்க நாடா கட்டினா பூசை முடிஞ்சு வழக்கம்போல வீட்டுக்கு வந்து சாப்பிடறேம்மா" என்றான். "நீங்க மொகத்தத் திருப்பிக்கிட்டா நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா அங்கேர்ந்து நேரா நிக்கானோர் வீட்டுக்குப் போயிடுவேன். மாடியில ஒரு அறை காலியா இருக்கு." சத்தம் போடாமல் சொன்னான். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

நிலைமை விளங்கியிருக்கும். லெயோகாதியா முதல் வரிசையில் நிற்பாள். நாடா கட்டினால் அவன் கொத்து வேலைக்காரன் என்று ஒப்புக்கொண்டதாகும், என் நாற்காலி போகும். கட்டாவிட்டால் சாப்பாட்டு மேசையில் அவன் நாற்காலி காலியாகும். இரண்டும் நடக்காமல் இருக்க ஒரே வழி, மூன்றாம் தேதிக்குள் அவன் மறுபடி கோட்டுப் போட்டு அலுவலகம் போவது. பெற்றோரை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையைச் சொல். உன் அத்தானை நினைவூட்டு. என் முழங்காலைப் பற்றிச் சொல், சற்றுக் கூட்டியே சொல். நல்ல அங்கியைப் போட்டுக்கொண்டு வா, முழங்கையில் தேய்ந்ததை அல்ல.

குருவானவரான உன் ஆசீர்வாதத்தை மண்டியிட்டுக் கேட்கிறேன், எழுந்திருக்க ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து. இளையவனான உனக்கு மூத்தவளின் ஆசீர்வாதத்தை நின்றபடியே தருகிறேன். உன் வீட்டுச் சமையற்காரிக்கும், கழுதைக்கும், வடக்குச் சுவருக்கும் என் விசாரிப்பு.

கண்டிப்பும் பாசமும் குறையாத உன் அக்காள்,
எர்மெலிந்தா, ஒல்மேதோவின் விதவை

பின்குறிப்பு, மே 4: தபால்தலை இல்லாததால் இந்தக் கடிதம் என் ஜெபப்புத்தகத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுப் பதினொரு குழுக்கள் வந்தன. நிக்கானோரின் குழு எட்டாவது. ஏழு சிலுவைக்கு நாடா கட்டும்வரை நான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கே தெரியாது. அன்செல்மோ வெள்ளைச் சட்டையில், தோளில் சிலுவையோடு வந்து என் முன்னால் நின்றான். வழியெல்லாம் வியர்த்திருக்கிறான். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தான். லெயோகாதியா என் காதில் விழும்படி, "எஞ்சினியர் தானே தூக்கிட்டு வர்றாரே" என்றாள். நான் முகத்தைத் திருப்பத்தான் போனேன், எவாரிஸ்தோ. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். திருப்பும்போது சிலுவையைப் பார்த்தேன். காகிதப் பூவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குறுக்குச் சட்டம் சாய்ந்திருந்தது.

"நில்லு" என்றேன். ஊர்வலம் நின்றது. வாணம் விடுகிறவனும் நின்றான். "எறக்கு அத. நிக்கானோர், குண்ட எடுங்க." அவர் திருநாள் உடுப்பிலும் சட்டைப்பையில் தூக்குக்குண்டை வைத்திருந்தார், மரியாதையுள்ள மனிதர். ஆணியைத் தளர்த்தி, சட்டத்தை நேராக்கி, குண்டு பார்த்து, மறுபடி அடிக்கக் கால்மணி நேரம் ஆனது. பங்குக் குருவானவர் தீர்த்தச் செம்போடு வெயிலில் காத்திருந்தார். பிறகு நாடாவை எடுத்துக் கட்டினேன், இரட்டை முடிச்சாக. கட்டிவிட்டுத் திரும்பிச் சொன்னேன்: "என் மகன் கொத்து வேல செய்யறான், லெயோகாதியா. ஒங்க சுவர நிமித்தினது அவன்தான். சாப்பிட ஒரு நாற்காலிதான் நீங்க இன்னும் அவனுக்குப் போடல."

சபைத் தலைவி பதவியை அடுத்த கூட்டத்தில் அவளுக்கே கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அன்றைக்குக் கொத்தனார்களுக்குக் கட்டடத்துச் சொந்தக்காரர்தான் விருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் விரிசல் விடும் என்பது உனக்குத் தெரியும். தலைநகரத்து மனிதர் ஒரு பெட்டி சோடா அனுப்பியிருந்தார். நான் வரிக்கு வரி குண்டு போட்ட சுவர் விரிய என்னால் அனுமதிக்க முடியாது. நிக்கானோரின் குழுவில் ஏழு பேரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வான்கோழி, மோலே குழம்பு, தலவேராப் பீங்கான், சாப்பாட்டறை மேசை. நிக்கானோர் தயங்கித் தொட்டிப் பக்கம் போகப் பார்த்தார். உன் அத்தானின் நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டு, "இந்த முற்றத்த நான்தான் போட்டேன்மா. மழத்தண்ணி நிக்குதா?" என்று கேட்டார். நிற்பதில்லை என்றேன். முழங்கையை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னேன், எடுத்தார். சாரத்திலிருந்து சிரித்தவன் இரண்டு முறை குழம்பு வாங்கினான். தகரத் தட்டுகளில் தொமாசா துளை போட்டுச் செடி வைத்துவிட்டாள், என்னைக் கேட்காமல்.

இன்று காலை தொலைபேசி மணி அடித்தது. பெர்மூதெஸ். புதிதாக வந்தவர் எல்லா விரிசலுக்கும் பணம் கொடுக்கச் சொல்லி எழுதிவிடுகிறாராம். அன்செல்மோவின் நாற்காலி அப்படியே காத்திருக்கிறதாம், அம்மையார் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதுமாம். நான் நவநாள் வைத்துக் கேட்டது சொல்லுக்குச் சொல் இதைத்தான். யோசித்துப் பார்த்தால், தச்சு வேலை செய்து பிழைத்த சூசையப்பரிடம் போய் இதைக் கேட்டது என் தவறு. அவர் கொடுத்த விதத்திலேயே விருப்பமில்லாமல் கொடுக்கிறார் என்று தெரிந்தது.

"அவன் சுவத்துல நிக்கிறான்" என்றேன். "கையில சாந்தோட போனத் தொட மாட்டான். ஒங்க ஆபீஸ்ல விரிசல் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. மழைக்கு அப்புறம் வரிசையில சேத்துக்கறோம்."

மாலையில் அன்செல்மோவிடம் சொன்னேன். அவன் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையை எடுத்து முத்தமிட்டான். அவன் கை அரம் போல இருந்தது. கிளிசரின் வாங்க வேண்டும்.

ஆகவே நீ வர வேண்டாம். மேலே எழுதியதை எழுதாததாக எண்ணிக்கொள். ஆனால் தாளைக் கிழித்துவிடாதே, நல்ல தாள். மறுபக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் உன் வடக்குச் சுவரின் நீளம், உயரம், ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் எழுதி, மைக்கறை படாமல் திருப்பி அனுப்பு.